இசைநாடக வேந்தர் ஷல்யாப்பின்

ருஷ்ய எழுத்தாளர் மக்சீம் கார்க்கியை நம் இளைஞர்கள் நன்கு அறிவர். அவருடைய ‘தாய்’ என்னும் நாவல் தமிழில் பல தலைமுறைகளாகப் படிக்கப்பட்டு வருவது. அக்கார்க்கிக்கு உற்ற தோழர் ஒருவர் இருந்தார். இருவரும் வால்கா ஆற்றங்கரை நகரங்களில் வறுமையோடு வளர்ந்தவர்கள். பெரும்புகழ் எய்திய பின்னர் ஒருநாள் பழங்கதை பேசிக்கொண்டிருந்தபோது, இளமையில் இருவருமே கசான் நகரில் ஒரே பாடகர் குழுவில் இடம் கேட்டுச் சென்றது தெரிய வந்ததாம். குரல் தேர்வில் கார்க்கியை எடுத்துக்கொண்டார்கள். மற்றவனை, குரல் உடைந்து கரகரத்த பருவத்துச் சிறுவன் என்பதால், தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்தாம் பின்னாளில் உலகின் தலைசிறந்த ‘பாஸ்’ பாடகர் எனப் போற்றப்பெற்ற ஃபியோதர் இவானவிச் ஷல்யாப்பின். இக்கதையை அவரே பலமுறை சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்னார் வரலாற்றை இம்மலரில் நாம் எழுதப் புகுந்தது ஏன் என்பது போகப் போக விளங்கும்.

முதற்கண் அவர் செய்த தொழில் யாது என்பதைக் கூறிவிடுவோம். ஐரோப்பியர் ‘ஆப்பரா’ என்றழைக்கும் இசைநாடகத்தில் உரையாடலும் பாட்டாகவே அமையும். நடிகரே பாடகர், பாடகரே நடிகர். மேடைக்கு முன்னே ஒரு பள்ளத்தில் அறுபது எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழு அமர்ந்து வாசிக்கும். அத்தனை வாத்தியங்களின் ஒலியையும் மீறி, ஒலிபெருக்கியின் துணையின்றி, அரங்கின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பவன் காதிலும் சொல் விழுமாறு பாடவேண்டும். ஆண் குரல்களில் உச்சத்தில் ஒலிப்பது ‘டெனர்’. இடையில் ஒலிப்பது ‘பாரிடோன்’. எல்லாவற்றிற்கும் அடியில் கனத்து ஒலிப்பது ‘பாஸ்’. காதலனாக நடிக்கும் பேறு பெரும்பாலும் டெனருக்கே உரியது. பாஸ் குரலுக்கு வாய்ப்பவை அரசன், துறவி, கிழத்தந்தை, சாத்தான் ஆகிய வேடங்கள். மக்கள் கூட்டம் டெனர்களைத் தேடிச் சென்ற காலத்தில், ஒரு பாஸ் பாடகருக்காக மூன்று கண்டங்களில் மக்கள் இரவெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தார்கள் என்றால் அது சிறு செய்தியன்று.

ஷல்யாப்பின் 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் கசான் நகரில் பிறந்தார். தந்தை இவான், வியாத்கா மாநிலத்துக் குடியானவர் குடும்பத்திலிருந்து நகரத்துக்கு வந்து, உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் படியெடுக்கும் எழுத்தராக இருந்தவர். தாய் எழுதப் படிக்கத் தெரியாதவர். ருஷ்ய நாட்டில் பண்ணையடிமை முறை 1861இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது எனினும், பிறப்பின்படி மனிதரை வகுத்துப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் ஒழியவில்லை. பிரபு, வணிகர், குடியானவர் என்று எந்த வகுப்பில் தந்தை இருந்தாரோ அந்த வகுப்பே மகனின் அடையாளச் சீட்டிலும் எழுதப்படும். நகரத்திலேயே பிறந்து, ஏர் பிடித்தறியாத ஷல்யாப்பினும் சீட்டின்படி ‘வியாத்கா மாநிலக் குடியானவன்’தான். அங்குத் தீண்டாமை இல்லை. நம் முன்னோர் பட்டதும் அவர்கள் பட்டதும் ஒன்று என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் பிறக்கும்போதே குத்தப்படும் முத்திரை எத்தகையது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் அமைதி இல்லை. சம்பளம் வாங்கும் நாளில் தந்தை குடிப்பார். பின்னர் எல்லா நாளுமே குடிக்கலானார். குடித்தால் மனைவியை அடிப்பார். அம்மையார் வீடு வீடாகச் சென்று தரை கழுவியும் துணி துவைத்தும் பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தார். மாலையில் நூல் நூற்றுக்கொண்டே அவரும் அண்டை வீட்டுப் பெண்களும் பாடும் கிராமத்துப் பாடல்களே சிறுவன் முதன்முதல் கேட்ட இசை. தந்தை தம் மகனுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்று கருதி அவனைச் செருப்புத் தைப்பவரிடம் விட்டார். அவர் சிறுவனின் ஞானத் தந்தை. சிறுவன் அங்கே ஊசியும் நூலும் பிடித்துத் தோல் தைத்தான். பின்னர்க் கடைசல்காரரிடம் அனுப்பப்பட்டான். பின்னர் ஒரு வட்டிக்கடையில் எழுத்து வேலை. அதன் பின் தந்தை இருந்த அலுவலகத்திலேயே படியெடுக்கும் வேலை. இடையே பள்ளிப் படிப்பும் சிறிது உண்டு.

அக்கட்டடத்தில் குடியிருந்த தேவாலயப் பாடகர் குழுத் தலைவர் ஒருவர் சிறுவனுக்கு இசைக்குறிப்பு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, மாதம் ஏதோ சில காசும் கொடுத்துக் குழுவில் சேர்த்துக்கொண்டார். காகிதத்தில் எழுதிய புள்ளிகளைப் பார்த்துப் பாட முடியும் என்பதே அவனுக்கு வியப்பாக இருந்தது. அதன் பின் நாடகக் கொட்டகையைக் கண்டான். ஒருமுறை கண்டபின் அவன் கால்கள் வேறெங்கும் செல்லவில்லை. தந்தையோ நாடகக்காரன் பிச்சைக்காரனாவான் என்று உறுதியாக நம்பினார். அதற்காகவும் அடி விழுந்தது.

1890ஆம் ஆண்டு, பதினேழு வயதில், ஊஃபா நகருக்குப் புறப்பட்டிருந்த ஒரு நாடகக் குழுவில் கூட்டுப்பாடகனாகச் சேர்ந்தான். வயதைப் பத்தொன்பது என்று கூட்டிச் சொன்னதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். உணவு கிடைத்தாலே போதும் என்று கேட்ட இளைஞனுக்கு மாதம் 20 ரூபிள் ஊதியம் தந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில், நோய்வாய்ப்பட்ட ஒருவருக்கு மாற்றாக, மோனியுஷ்கோ இயற்றிய ‘ஹால்கா’ நாடகத்தில் முதன்முறை தனிப்பாத்திரம் கிடைத்தது. நன்றாகவே பாடினார். பாடிவிட்டு நாற்காலியில் அமரப் போனவர், நாற்காலி இல்லாத இடத்தில் அமர்ந்து தரையில் விழுந்தார். அரங்கு சிரித்தது. அதன் பின் வாழ்நாள் முழுவதும் மேடையில் அமருமுன் கண்ணோரத்தால் நாற்காலியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டுவிட்டதாம்.

அடுத்து வந்த இரண்டு ஆண்டுகள் அலைச்சல் ஆண்டுகள். ஓர் உக்ரைனியக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். அக்குழு சமாரா நகர் வழியே சென்றபோது, அங்குக் குடிபெயர்ந்திருந்த பெற்றோரைக் காணச் சென்றார். சிறிது நேரத்தில் தாய் வெளியிலிருந்து வந்தார். தோளில் ஒரு பை தொங்கியது. மகனைக் கண்டதும் அதை மறைக்க முயன்றார். அது பிச்சைப் பை. அந்தக் காட்சியைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நாமும் அதை விரிக்க விரும்பவில்லை. அதன் பின் நெடுநாள் செல்லுமுன் அம்மையார் இறந்து போனார். மகன் தந்த ஒரு நல்லுடையையும் அவர் உடுத்தியதில்லை.

குழுவிலிருந்து பிரிந்து, காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்கு நகரில் பட்டினி கிடந்து, 1892இல் காகசஸ் பகுதியின் தலைநகராகிய திஃப்லிஸ் வந்து சேர்ந்தார். இன்று ஜார்ஜியாவின் தலைநகராக விளங்கும் திபிலிசி அதுவே. அங்கு ரயில்வே கணக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்த நகரில்தான் திமீத்ரி உசாத்தவ் என்பவர் வசித்தார். அவர் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் டெனர் பாடகராக இருந்து, பின் பாட்டு ஆசிரியரானவர். அப்போது கசானில் ஒரு குழுவில் நல்ல ஊதியத்தோடு ஷல்யாப்பினுக்கு இடம் காத்திருந்தது. போகுமுன் ஒருமுறை குரலைக் காட்டிப் பார்ப்போமே என்று உசாத்தவ் வீட்டுக் கதவைத் தட்டினார். பாட்டைக் கேட்ட ஆசிரியர், எங்கும் போகாதே, இங்கேயே தங்கிப் படி, கட்டணம் வேண்டாம் என்று கூறிவிட்டார்.

கையில் வரும் காசா, காசில்லாக் கல்வியா? பசித்தவனுக்கு இது எளிய கேள்வியன்று. நம் வீடுகளிலும் பள்ளி இறுதி வகுப்பு முடித்த பிள்ளை முன் இக்கேள்வி வந்து நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். ஷல்யாப்பின் கசானுக்குச் செல்லவில்லை.

உசாத்தவ் கற்றுக்கொடுத்த முறை சற்றுக் கடுமையானது. மாணவன் மூச்சின் மீது குரலை ஊன்றிப் பாடாமல் தொண்டையால் இழுத்தால், நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விடுவாராம். தொண்டையின் வலிமையால் கத்துபவன் சில ஆண்டுகளில் குரலை இழந்துவிடுவான். வயிற்றிலிருந்து எழும் மூச்சைத் தூணாகக் கொண்டு அதன் மேல் குரலை நிறுத்துபவன் முதுமை வரை பாடுவான். இதுவே அப்பாடத்தின் சாரம். ஷல்யாப்பின் அறுபது வயதைக் கடந்தும் பாடினார் என்பதே அந்தக் குத்துகளுக்குச் சான்று. ருஷ்ய இசைமேதை முஸோர்க்ஸ்கியின் படைப்புகளில் சொல்லும் இசையும் எங்ஙனம் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன என்பதை அவருக்கு முதலில் காட்டியவரும் உசாத்தவே.

ஆயின் நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புவது பாட்டுப் பாடத்தை அன்று. ஆசிரியர் மாணவனைத் தம் வீட்டு உணவு மேசையில் அமர வைத்தார். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, சூப்பை ஒலியின்றி எப்படிக் குடிப்பது, எதைக் கேட்டு வாங்கலாம், எதைக் கேட்கலாகாது என்பனவெல்லாம் சொல்லிக் கொடுத்தார். உன் உடம்பு நாறுகிறது, குளித்துவிட்டு வா என்று முகத்துக்கு நேரே கூறினார். கூறியதோடு நில்லாமல் தம் உள்ளாடைகளையும் காலுறைகளையும் எடுத்துக் கொடுத்தார். கச்சேரியில் பாடுவதற்குத் தம் கோட்டையே கொடுத்தார். ஆசிரியர் குள்ளமாய்ப் பருத்தவர். மாணவரோ ஆறடிக்கு மேல் நெடுமரமாய் நின்ற ஒல்லி. அந்தக் கோட்டு அவர்மேல் எப்படி இருந்திருக்கும் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம். இவ்வளவும் அந்த இளைஞனுக்குப் பெரும் வெட்கத்தைத் தந்தன. மேசையில் அமர்வதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்று எத்தனையோ நாள் தோன்றியிருக்கும். இழிவு செய்வதற்காகச் சொல்லப்படும் சொல்லுக்கும், உயர்த்துவதற்காகச் சொல்லப்படும் சொல்லுக்கும் சில வேளை ஓசை ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் வேறுபிரித்து அறிவது கடினம். அவமானத்தில் பழகியவர்க்கு இன்னும் கடினம். ஷல்யாப்பின் பிரித்தறிந்தார். புகழின் உச்சியில் இருந்தபோதும் தமக்கு ஆசிரியர் ஒருவரே என்று உசாத்தவின் பெயரையே சொன்னார்.

1893ஆம் ஆண்டு திஃப்லிஸ் அரங்கில் வெர்டியின் ‘ஐதா’ நாடகத்தில் பாடினார். அடுத்த ஆண்டு தலைநகர் பீட்டர்ஸ்பர்க். 1895இல் அரசாங்கத்துக்குரிய மரீன்ஸ்கி அரங்கில் இடம் பெற்றார். குடியானவனுக்குப் பேரரசின் முதல் அரங்கில் இடம் என்றால் ஊரார் அத்தோடு வரலாறு முடிந்தது என்பர். உண்மையில் அங்கே அவர் திணறினார். தார்கமீஷ்ஸ்கியின் ‘ருசால்கா’வில் ஆலைக்காரக் கிழவன் வேடம் ஏற்றுப் பாடியும் அவையோர் அசையவில்லை. மாமோந்த் தால்ஸ்கி என்ற நாடக நடிகர் அவரைத் தம் அறைக்கு அழைத்து, பாட்டை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் படிக்கச் சொன்னார். படித்ததும், தவறு எங்கே என்பதைச் சுட்டிக் காட்டினார். அந்த ஆலைக்காரன் கனத்த, நிதானமான கிழவன். இவரோ அவனைத் துள்ளித் திரியும் சில்லறை வியாபாரியைப் போலப் பேசவைத்திருந்தார். அன்று முதல் ஒரு பாத்திரத்தை எடுத்தால், இசையைத் தொடுமுன் அம்மனிதன் எப்படிப் பேசுவான் என்பதைக் கண்டுபிடிப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். குரலழகைக் காட்டுவதற்காகவே பாடிய பாடகர் நிறைந்த காலத்தில் அது புதுமை.

அடுத்த திருப்பம் சாவா மாமொந்தவ் என்னும் ரயில்வே செல்வரால் வந்தது. கலைப்பித்துப் பிடித்த அவர் மாஸ்கோவில் சொந்தமாக ஓர் இசைநாடகக் குழுவை நடத்தினார். 1896இல் ஷல்யாப்பினை அழைத்தார். அரசாங்க அரங்கின் ஒப்பந்தத்தை முறித்ததற்கான தண்டத்தில் பாதியைத் தாமே ஏற்றார். அங்கே காட்சித் திரை தீட்டியவர்கள் கொரோவின், வ்ருபெல், சேரோவ் போன்ற பெரும் ஓவியர்கள். சரியாகப் பள்ளி செல்லாத இளைஞருக்கு அதுவே பல்கலைக்கழகம் ஆயிற்று. ‘பிஸ்கோவ் நகர மங்கை’ என்னும் நாடகத்தில் கொடுங்கோலன் இவான் அரசனாக நடிக்க நேர்ந்தபோது, ஓவியக் கூடங்களுக்குச் சென்று, அவ்வரசனைத் தீட்டிய படங்களின் முன்னும் செதுக்கிய சிலையின் முன்னும் நெடுநேரம் நின்று கற்றார். தமக்குத் தாமே ஒப்பனை செய்துகொண்டார். அவர் நல்ல ஓவியருமாவார்.

முஸோர்க்ஸ்கியின் ‘பரீஸ் கதுனோவ்’ அவர் வாழ்வின் தலையாய பாத்திரம். 1598 முதல் 1605 வரை ருஷ்யாவை ஆண்ட பரீஸ், அரியணைக்கு உரிய ஒரு குழந்தையைக் கொல்வித்தான் என்பது பழங்கதை. அக்குற்றம் அவன் மனத்தை அரித்து முடிவில் கொன்றுவிடுகிறது. 1898 கோடையில் ஒரு கிராமத்து மாளிகையில் தங்கி, அப்போது இளைஞராயிருந்த ராக்மனினாவ் பியானோ வாசிக்க, ஷல்யாப்பின் அப்பாத்திரத்தைப் பயின்றார். தமக்குரிய பாட்டை மட்டும் அன்று, நாடகத்தில் உள்ள ஒவ்வொருவர் பாட்டையும் பெண்கள் பாட்டையும்கூட மனப்பாடம் செய்தார். அப்பகுதிக்கு அருகில் வரலாற்றுப் பேராசிரியர் க்ளுச்செவ்ஸ்கி தங்கியிருந்தார். அவரைத் தேடிச் சென்று, பரீஸ் காலத்து அரண்மனையில் என்ன நடந்தது என்று கேட்டு அறிந்தார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதற்கு அவர் என்றும் கூசியதில்லை. அதே கோடையில் இத்தாலிய நடன மங்கை யோலா தொர்னாகியை அவ்வூரில் மணந்தார். மறுநாள் விடியலில் ராக்மனினாவும் தோழர்களும் சட்டிபானைகளைத் தட்டி மணமக்களை எழுப்பினர்.

1908இல் தியாகிலெவ் பாரிஸ் நகரில் இந்நாடகத்தை நடத்தினார். ஒத்திகை நாளில் காட்சிகளும் உடைகளும் ஆயத்தமாகவில்லை. வேடமின்றி, சாதாரண உடையில் ஷல்யாப்பின் பாடினார். இறந்த குழந்தையின் உருவம் கண்முன் தோன்றும் கட்டத்தில், மேடையின் ஒரு மூலையைப் பார்த்து அவர் திடுக்கிட்டபோது, பார்வையாளரில் பலர் அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று எழுந்து நின்று பார்த்தார்களாம். அங்கே ஒன்றுமில்லை.

அதற்கு ஏழாண்டு முன்னரே, 1901இல், இத்தாலியின் மிலான் நகரில் லா ஸ்காலா அரங்கில் போயித்தோவின் ‘மெஃபிஸ்தோஃபெலே’ நாடகத்தில் சாத்தான் வேடம் பூண்டார். இசைக்குழுவை நடத்தியவர் தொஸ்கானினி. உடன் பாடியவர் கருஸோ. இசைநாடகத்தின் தாய்வீட்டுக்கு ஒரு ருஷ்யர் பாட வருவதா என்று அந்நாட்டார் ஏளனம் செய்தனர். கூலிக்குக் கைதட்டும் கூட்டம் ஒன்று அங்கு இருந்தது. பணம் தந்தால் ஆரவாரம், தராவிட்டால் கூச்சல். அவர்கள் வந்து பணம் கேட்டபோது ஷல்யாப்பின் கொடுக்க மறுத்தார். அரங்கேற்ற நாளில் அவர் தோன்றிப் பாடிய முதற்காட்சிக்கே அரங்கம் அதிர்ந்தது. கூலிக் கூட்டமும் சேர்ந்து கைதட்டியது. 1907இல் நியூயார்க்கில் நிலைமை வேறாக இருந்தது. அவருடைய நடிப்பு நாகரிகமற்றது என்று பத்திரிகையாளர் எழுதினர். மனம் கசந்து திரும்பினார். 1921இல் அதே நகரம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. லண்டன், மான்டி கார்லோ வெற்றிகளையெல்லாம் அடுக்கினால் இக்கட்டுரை நீளும்.

இனி, நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சிக்கு வருவோம்.

1905ஆம் ஆண்டு ருஷ்யாவில் புரட்சி அலை எழுந்தபோது, போல்ஷோய் அரங்க மேடையில் நின்று, சுமை இழுக்கும் தொழிலாளர் பாடும் ‘துபீனுஷ்கா’ என்ற பாட்டை ஷல்யாப்பின் பாடினார். அடுத்த ஆண்டு கீவ் நகரில் ஒரு சர்க்கஸ் அரங்கில் ஆலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோருக்குப் பாடினார். நாடெங்கும் உழைப்பாளர் அவரைத் தம்மவர் என்றனர். இந்நிலையில் 1911 ஜனவரியில் மரீன்ஸ்கி அரங்கில் ‘பரீஸ் கதுனோவ்’ நடந்தது. பேரரசர் இரண்டாம் நிக்கலாய் வந்திருந்தார். கூட்டுப்பாடகர்கள் தம் ஊதியக் குறைவைப் பேரரசரிடம் முறையிட வழி தேடிக்கொண்டிருந்தனர். நாடகத்தின் இடையே திரை உயர்ந்ததும் அவர்கள் அனைவரும் மேடைக்கு ஓடிவந்து, பேரரசர் அமர்ந்திருந்த மாடத்தை நோக்கி மண்டியிட்டு அரச வாழ்த்துப் பாடினர். மேடையில் நின்ற ஷல்யாப்பின் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் மண்டியிட்டிருக்க, ஆறடிக்கு மேல் உயர்ந்த அவர் ஒருவரே நின்றுகொண்டிருந்தார். அவரும் ஒரு முழங்காலை ஊன்றினார்.

மறுநாள் முதல் நாடே அவர்மேல் பாய்ந்தது. மார்க்சிய அறிஞர் பிளெக்கானவ், அவர் முன்பு அன்பளித்த படத்தைத் திருப்பி அனுப்பினார். உயிர்த்தோழராயிருந்த ஓவியர் சேரோவ் தொடர்பை முறித்துக்கொண்டார்; அவ்வாண்டே சேரோவ் இறந்ததால் அப்பிளவு ஆறவேயில்லை. பிரான்சில் ரயிலில் ஏறி வந்த ருஷ்ய மாணவர்கள் அவரை அடிவருடி என்று முகத்துக்கு நேரே ஏசினர். கார்க்கியும் முதலில் வருந்தினார். பின்னர் நண்பரைக் காப்ரித் தீவுக்கு வரவழைத்து, முழுக்கதையும் கேட்டு, மீண்டும் கைகோத்தார்.

இதில் நம் கருத்து யாது? மனிதர் முன் மனிதர் மண்டியிடலாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. மண்டியிடாமல் நின்றிருந்தால் நாமும் மகிழ்ந்திருப்போம். எனினும் அன்று அவரைத் தூற்றியவருள் எத்தனை பேர், அந்தக் கூட்டுப்பாடகருக்கு மாதம் என்ன ஊதியம் என்று கேட்டனர்? இருபது ரூபிள் கூட்டுப்பாடகனாக வாழ்வைத் தொடங்கியவர் அவர். அவர்கள் நடுவே தாம் மட்டும் தனித்து நிற்பது அவர்களைக் காட்டிக்கொடுப்பதாக அந்நொடியில் அவருக்குத் தோன்றியிருக்கலாம். வெறும் திகைப்பாகவும் இருக்கலாம். நாள்தோறும் அரண்மனையில் தலைவணங்கிய பிரபுக்களை எவரும் பழிக்கவில்லை. கீழிருந்து மேலேறியவனுடைய முழங்காலுக்கு மட்டும் வேறு தராசு எடுக்கப்பட்டது. அத்தராசை அவர் மேல் வைத்தவர்கள் பகைவரல்லர், அவர்மேல் அன்பும் நம்பிக்கையும் வைத்திருந்தவர்கள் என்பதே இதில் துயரமானது.

குறைகளும் அவரிடம் உண்டு. கடுஞ்சினக்காரர், தாளம் தவறிய இசைக்குழுத் தலைவரை மேடையிலிருந்தே திட்டுவார். ஊதியத்தில் ஒரு காசு விட்டுக்கொடுக்க மாட்டார். பேராசைக்காரர் என்ற பெயரும் அதனால் வந்தது. தாயின் தோளில் பிச்சைப் பையைக் கண்டவன் பணத்தைப் பார்க்கும் பார்வை வேறு என்பதை மட்டும் இங்குக் கூறிவைக்கிறோம். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காகத் தம் சொந்தச் செலவில் மருத்துவமனைகளை நடத்தியவரும் இதே பேராசைக்காரர்தாம். 1916இல் கிரிமியாக் கடற்கரையில் கார்க்கியின் அருகில் அமர்ந்து தம் வாழ்க்கையைச் சொல்ல, அதைக் கார்க்கி நூலாக்கினார். செருப்புத் தைத்ததும் அடிபட்டதும் பட்டினி கிடந்ததும் அதில் ஒளிவின்றி உள்ளன. நாம் இங்கு எழுதியவற்றுள் பல அவ்வாறு அவரே உலகுக்கு அறிவித்தவை.

1917இல் புரட்சி வந்தது. அடுத்த ஆண்டு ‘மக்கள் கலைஞர்’ என்ற பட்டத்தை முதன்முதலில் பெற்றவர்களுள் ஒருவரானார். நாட்டில் பஞ்சம். மாவுக்கும் முட்டைக்குமாகப் பாடினார். 1922இல் வெளிநாட்டுப் பயணமாகச் சென்றவர் பின்னர் தாய்நாட்டில் காலடி வைக்கவில்லை. பாரிசில் குடியேறினார். ஒருநாள் அங்குள்ள ருஷ்யத் தேவாலய முற்றத்தில், நாடிழந்து வந்த ருஷ்யப் பெண்களும் கந்தல் உடுத்த குழந்தைகளும் பசியோடு நிற்பதைக் கண்டு, அவர்களுக்கென்று பாதிரியாரிடம் ஒரு தொகை கொடுத்தார். புரட்சிக்கு எதிரானவர்களுக்குப் பணம் கொடுத்தார் என்று மாஸ்கோப் பத்திரிகைகள் எழுதின. 1927 ஆகஸ்டில் சோவியத் அரசு அவருடைய பட்டத்தைப் பறித்தது. முன்பு மன்னன் முன் மண்டியிட்டதற்காகப் பழி. இப்போது குழந்தைகளுக்கு ரொட்டி கொடுத்ததற்காகப் பழி. சோவியத் புரட்சியின் சாதனைகளை நாம் மதிப்பவர்களே. ஆயினும் இந்த ஆணை நியாயமானது என்று எழுத நம் கை வரவில்லை. பசித்த குழந்தைக்குக் கட்சி ஏது?

கடைசி ஆண்டுகள் பயணங்களிலேயே கழிந்தன. 1933இல் பாப்ஸ்ட் இயக்கிய ‘டான் குயிக்சாட்’ திரைப்படத்தில் நடித்தார். 1910இல் மாஸனே இசையமைத்த இசைநாடகத்திலும் அதே வேடத்தை முதன்முதல் ஏற்றவர் அவரே. 1936இல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று பாடினார். பின்னர் உடல் தளர்ந்தது. இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டனர். 1938 ஏப்ரல் 12ஆம் நாள் பாரிசில் காலமானார், வயது அறுபத்தைந்து. அந்நகரின் பத்திஞோல் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1984 அக்டோபரில், அவர் எலும்புகள் மாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டு நவதேவிச்சிக் கல்லறையில் வைக்கப்பட்டன. 1927ஆம் ஆண்டு ஆணை 1991இல் நீக்கப்பட்டது. 1999இல் கசான் நகரத் தெருவில், அவருக்கு ஞானஸ்நானம் செய்வித்த தேவாலயத்தின் மணிக்கூண்டருகே, அவருக்கு ஒரு சிலை எழுப்பினார்கள். 1928இல் லண்டனில் அவர் ‘பரீஸ்’ பாடியபோது அரங்கிலேயே பதிவு செய்த இசைத்தட்டு கிடைக்கிறது. நம் படிப்பகத்து இளைஞர்கள் வாய்ப்பு நேர்ந்தால் அதைக் கேட்க வேண்டும். மொழி விளங்காது. இறுதிக் காட்சியில் சாகும் அரசன் தன் மகனிடம் விடைபெறுகிறான் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.